நாற்பத்தோராவது சீவல்

காலை ஆறரைக்கு ஷ்செச்சினில் இன்னும் விடியவில்லை.
ஓடர் நதிப்பக்கம் ஒரு கப்பல் தொண்டையைச் செருமுகிறது.
மெழுகுக் கட்டிகளைப் பனித்தட்டில் அடுக்குகிறேன்.
என் வேலை சீவுவது.
ஒரு தலைமுடியைப் பதினைந்தாகப் பிளந்தால் வரும் கனத்தில்
சதையைச் சீவி,
வெந்நீரில் மிதக்கவிட்டு,
சுருக்கம் விலகியதும் கண்ணாடியில் ஏந்திக்கொள்வது.

இன்றைய கட்டிக்குப் பெயர் கிடையாது.
எண் உண்டு. வயது உண்டு, நாற்பத்து நான்கு.
படிவத்தில் இரண்டு வரி:
நோய் இல்லை, முன்னெச்சரிக்கையாக அகற்றியது.
அக்காவுக்கு இருந்தது.

அந்த 'இருந்தது' வரும்போதெல்லாம்
என் கத்தி கொஞ்சம் நிற்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
சூலகத்தைத்தான் துருவித் துருவிப் பார்த்தோம்.
கட்டி அங்கேதானே இருந்தது,
முஷ்டி அளவில், சில நேரம் முலாம்பழம் அளவில்.
பக்கத்தில் தொங்கிய குழாயில்
மரியாதைக்கு ஒரு வளையம் வெட்டி எடுத்துவிட்டு
மீதியை வாளியில் போட்டோம்.
போட்டோம் என்ன, போட்டேன்.
இந்தக் கைதான்.

களவு போன வீட்டையே தோண்டிக்கொண்டிருந்தோம்.
கள்ளன் அடுத்த வீட்டுப் பிள்ளை.

குழாயின் நுனி விரல்விரலாகப் பிரிந்திருக்கும்.
மாதம் ஒரு முறை சூலகம் உடைந்து எறிகிற முட்டையை
ஏந்துவதற்கு நீண்ட விரல்கள்.
எல்லாக் கட்டியும் அப்படியல்ல;
ஆகக் கொடியதற்கு, பெரும்பாலும்,
அந்த விரல் மடிப்பில்தான் பிறந்தகம்.
காவலுக்கு நின்ற புரதம் ஒன்று கெட்டுப்போகும்.
கெட்டது வெளியேறாமல் உட்கருவிலேயே குவிந்துகிடக்கும்,
சாயம் ஏற்றினால் பழுப்பாக.
அங்கிருந்து ஒரு செல் உதிர்ந்து சூலகத்தில் விழும்.
சத்தம் இல்லை. வருஷக்கணக்கில் வலியும் இல்லை.
பாவாடை இறுகுகிறது, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை
என்று அவள் சொல்லத் தொடங்கும்போது
வயிற்றில் நீர் கோத்திருக்கும்,
குடலைப் போர்த்திய கொழுப்புத் திரையெங்கும்
அது குடியேறி முடிந்திருக்கும்.

பக்கத்து மேசையில் தெயோதோசியா சாயம் கலக்குகிறாள்.
அவளுக்கும் அதுதான். மூன்று வருஷம் நான்கு மாதம்.
அறுவை, பிளாட்டினச் சொட்டு, பிறகு மாத்திரை.
தேநீர் டப்பாவை ஒட்டியே மாத்திரைப் பெட்டி.
அப்பாவின் தங்கைகளைப் பற்றி
யாரும் அவளிடம் கேட்டதில்லை.
அப்பா வழியில் இது வராதென்று நினைத்தார்களாம்.

"மரபிழை கிழிந்தால் தைக்க
செல்லுக்குள் இரண்டு தையல்காரர்.
என் கட்டியில் ஒருத்தன் முன்பே செத்தான்,
அவன் செத்ததால்தான் அது கட்டியே ஆனது.
மாத்திரை மற்றவன் கையைக் கட்டிப்போடுகிறது.
நல்ல செல் எப்படியோ பிழைத்துக்கொள்ளும்.
அது மட்டும் கிழிசலோடு சாகும்."

சொல்லிவிட்டு, சாயக்குவளையைக் குலுக்கி,
"சில கட்டிகள் செத்தவனை எழுப்பிவிடுமாம்" என்றாள்,
"எழுத்துப் பிழையைத் தானே திருத்திக்கொண்டு."

ரத்தம் குறைந்துவிட்டது அவளுக்கு.
இரண்டாம் மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நிற்பாள்,
ஜன்னலில் எதையோ பார்ப்பவள்போல.
நானும் பார்ப்பேன். அங்கே ஒன்றும் இருக்காது,
டிராம் கம்பியும் ஈரமும்தான்.

இடைவெளி விட்டு எடுத்த அறுபது சீவலில்
நாற்பது வரை எல்லாம் சுத்தம்.
நாற்பத்தொன்றில் டாக்டர் செலினா கை தூக்கினார்.
மடிப்பின் ஓரம் ஒரு பழுப்பு.
பண்டிகைக்குச் சுடும் சுருள் ரொட்டியில்
நாம் அரைத்து நிரப்பும் கசகசா,
அதில் ஒன்றில் பாதி.
நாற்பத்து மூன்றில் அது இல்லை.

தெயோதோசியா குனிந்து பார்த்தாள்.
கண்ணை எடுக்கவேயில்லை.
"என்னுடையதும்," என்றாள்,
"ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை
இவ்வளவுதான் இருந்திருக்கும், இல்லையா?"

பெயரில்லாத அந்தப் பெண்
இந்நேரம் வார்டில் சூப்பு குடித்துக்கொண்டிருப்பாள்,
தையல் அரிக்கிறதே என்று.
ஒரு செல்கூட முன்பே உதிரவில்லை என்று
யாராலும் எழுதித்தர முடியாது.
டாக்டர் வார்டுக்குப் போன் போட்டார்.
லைன் கிடைக்கவில்லை.
மறுபடி போட்டார்.
நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தோம்,
மணி அடிப்பதைக் கேட்டபடி.